தாத்தாவின் தொங்கு தோட்டம்

எங்கள் தெருக் கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். தபால் இலாகாவில் 35 வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 74. உத்தியோகத்திலிருந்த நாளில், எந்தக் குக்கிராமத்தின் பெயரைச் சொன்னாலும் அதற்கு எந்த ஊர் வழியாகத் தபால் போகும், எத்தனையாம் நாள் போய்ச் சேரும் என்பதைப் புத்தகத்தைப் புரட்டாமலே சொல்லுவாராம். அப்பேர்ப்பட்டவர் மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் என்னை வழிமறித்து, "ஸார், இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?" என்று கேட்டார். "உண்டு" என்றேன். மாலையில் நான் திரும்பி வந்தபோதும் அதே திண்ணையில், அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஸார், இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?" என்று கேட்டார். கை நிறையப் பரீட்சைத் தாள்களுடன் நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வீட்டில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறையே இல்லாததுதான் குறை என்று எனக்குத் தோன்றியது. கறிகாய் வாங்கக் கடைத்தெருவுக்குப் புறப்பட்டால், "இந்த வெயிலில் நீங்கள் ஏன் போக வேண்டும், மாமா? நான் பார்த்துக் கொள்கிறேன்" என்பாள் மருமகள். பாங்குக்குப் புறப்பட்டால், "அதெல்லாம் இப்போது டெலிபோனிலேயே முடிந்துவிடும், அப்பா" என்பான் மகன். பேத்தியின் கணக்குப் பாடத்தைப் பார்க்கலாமென்றால் அதற்கு டியூஷன் வாத்தியார் வந்துவிட்டார். இப்படி அன்பினால் ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து வாங்கிக் கொண்டார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரு சாய்வு நாற்காலி.

அந்தச் சமயத்தில்தான் பேத்தி, தோழிகளுடன் ஏற்காட்டுக்குப் போய்த் திரும்பும்போது, நாற்றுப் பண்ணை ஒன்றிலிருந்து ஆர்க்கிட் செடி ஒன்றை வாங்கி வந்தாள். சிறு மரக்கூடை, அதற்குள் மண்ணே இல்லை, நாலைந்து கரித்துண்டுகள். செடியின் வேர்கள் கயிறு கயிறாக அந்தரத்தில் தொங்கின. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, புல்லுருவியா?" என்று கேட்டார். வெகு நாட்களுக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் கேட்ட புதுக் கேள்வி அது.

கேள்வி நியாயமானதே. மரத்தின் மேல் இன்னொரு செடியைக் கண்டால் நம்மில் பலருக்கும் புல்லுருவி நினைவுதான் வரும். ஆனால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம். புல்லுருவி மரத்தின் உடலுக்குள் வேரைச் செலுத்தி அதன் சாரத்தை உறிஞ்சிப் பிழைக்கிறது. மரத்தில் வாழும் ஆர்க்கிட்டோ, மரத்தினிடம் உட்கார இடம் மட்டுமே கேட்கிறது, சாப்பாடு கேட்பதில்லை. மழை நீரையும் பனியையும், பட்டை இடுக்கில் மக்கும் சருகையும் கொண்டே காலம் தள்ளுகிறது. அதன் வேரின் மேல் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. தண்ணீர் பட்டவுடன் அது உறிஞ்சிக் கொள்கிறது. உலர்ந்திருக்கும்போது வேர் வெள்ளி போல் வெளுத்திருக்கும். நனைந்ததும் உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். அதாவது, தாகம் எடுத்திருக்கிறதா இல்லையா என்பதைச் செடி தன் வேரிலேயே எழுதி வைத்திருக்கிறது. படிக்கத் தெரிந்தவன் படித்துக் கொள்ள வேண்டியதுதான்.

இந்த விஷயத்தை நான் சொன்னதும், மறு நாள் காலையில் பெரியவர் ஒரு பழைய கணக்கு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடையின் கீழே நாற்காலியைப் போட்டுக் கொண்டார். தந்தி பாணியில் எழுத ஆரம்பித்தார்: "வேர் வெளுப்பு. நீர் விட்டேன். மாலை பச்சை." இவ்வளவுதான் முதல் நாள் குறிப்பு.

ஒரே செடியோடு நின்றிருந்தால் இது ஒரு பழக்கமாகிப் போயிருக்கும். நான் இந்தக் கட்டுரை எழுத இடமிருந்திராது. பழக்கம் என்பது புத்திக்கு ஓய்வு கொடுக்கும் ஏற்பாடு. தினம் காலை ஏழு மணிக்குத் துளசிக்கு ஒரு செம்பு தண்ணீர் விடுகிற கை, அரைத் தூக்கத்திலும் விட்டுவிடும். அது நல்ல காரியந்தான். ஆனால் அதில் மூளைக்கு வேலை கிடையாது. ஆர்க்கிட்டின் விசேஷம், ஒன்றுக்குச் செய்வதை மற்றொன்றுக்குச் செய்ய முடியாது என்பதுதான். உலகத்தில் 25,000 சாதிகளுக்கு மேல் உண்டு. நம் இந்தியாவில் மட்டும் சுமார் 1,250. அவற்றில் ஐந்தாறு வகைகளை ஒரு தாழ்வாரத்தில் சேர்த்து வைத்துவிட்டால், ஒரு வகுப்பில் ஐந்தாறு விதமான பிள்ளைகளை உட்கார்த்தி வைத்ததற்குச் சமானம். உபாத்தியாயர் தூங்க முடியாது.

முதலில் வந்தது வாண்டா. அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும். வேர் காற்றில் தொங்க வேண்டும். கோடையில் தினம் இரு வேளை தண்ணீர் வேண்டும். அடுத்த மாதம் மகன் ஒரு பெலனாப்சிஸ் வாங்கி வந்தான். விட்டில் பூச்சி சிறகு விரித்தாற்போல் வெள்ளைப் பூ. பெரியவர் வாண்டாவுக்குச் செய்த உபசாரத்தையெல்லாம் அதற்கும் செய்தார். வெயிலில் வைத்தார், தலை வழியாக இரு வேளை தண்ணீர் ஊற்றினார். வெயிலில் இலை வெந்தது. நடுக்குருத்தில் தண்ணீர் தங்கி அழுகியது. மூன்று வாரத்தில் செடி போய்விட்டது. நோட்டுப் புத்தகத்தில் அன்றைய குறிப்பு: "இறந்தது. தவறு என்னுடையது." மருமகள் அதைப் படித்துவிட்டு, "மாமா மனசு கஷ்டப்படுகிறார்; இனிமேல் செடி வேண்டாம்" என்றாள். பெரியவர் இரண்டு நாள் பேசாமலிருந்தார். மூன்றாம் நாள், "இன்னொன்று வாங்கி வா" என்று மகனிடம் சொன்னார். இரண்டாவது செடியை நிழலில் வைத்து, குருத்தில் பட்ட தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தார். அது பிழைத்தது.

பிறகு டென்ட்ரோபியம் வந்தது. அதில்தான் அவருக்கு உண்மையான சோதனை. டென்ட்ரோபியம் என்ற ஒரே பெயரின் கீழ் நேர் விரோதமான குணங்களைக் கொண்ட சாதிகள் இருக்கின்றன. உஷ்ணப் பிரதேசத்துக் கலப்பினங்கள் வருஷம் முழுவதும் தண்ணீர் குடித்து வருஷத்தில் பல தடவை பூக்கும். இமயமலைச் சாரலில் வளரும் நோபிலி என்ற சாதியோ, குளிர்காலத்தில் பட்டினி கிடந்தால்தான் பூக்கும். 'ஐயோ, வாடுகிறதே' என்று இரங்கி அப்போது தண்ணீரும் உரமும் கொடுத்தால், பூ வர வேண்டிய கணுவில் குட்டிச் செடி முளைத்துவிடும்! இரக்கம் எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்பதை இவ்வளவு தெளிவாக ஒரு புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

இவற்றோடு, தண்டடியில் கிழங்கு போல் நீரைச் சேமித்து வைத்துக் கொள்ளும் அமெரிக்கக் காட்லியா. அதைக் காய விட்டுக் காய விட்டுத்தான் நனைக்க வேண்டும். சேமிப்பே இல்லாமல் காட்டுச் சருகில் தரையோடு வளரும் பாபியோபெடிலம். அது ஒரு நாளும் காயக் கூடாது. இந்த லத்தீன் பெயர்கள் பெரியவருக்கு முதலில் வாயில் நுழையவில்லை. ஆகவே அவர் தமக்குத் தெரிந்த வித்தையைக் கையாண்டார். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு தபாலாபீஸின் பெயரைச் சூட்டினார். வெயிலுக்கு அஞ்சாத வாண்டாவுக்கு மானாமதுரை. குளிர்ச்சியும் ஈரமும் கேட்கும் பாபியோபெடிலத்துக்குக் குன்னூர். ஊரின் பெயர் நினைவுக்கு வந்ததும் சீதோஷ்ணம் நினைவுக்கு வரும். சீதோஷ்ணம் வந்ததும் செய்ய வேண்டியது வரும். தெரிந்த இடங்களில் புதிய விஷயங்களைக் கொண்டுபோய் வைத்து ஞாபகம் கொள்வது பழைய கிரேக்க, ரோமானியப் பிரசங்கிகளும் அறிந்த உபாயம். அவர்களிடம் கற்காமலே இவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

இதெல்லாம் ஒரு கிழவரின் பொழுதுபோக்குத்தானே, இதனால் புத்தி வளருமா என்று கேட்கலாம். இது பற்றி விஞ்ஞானிகள் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1988-ல் அமெரிக்க வைத்திய நிபுணர் ராபர்ட் காட்ஸ்மனும் அவர் கூட்டாளிகளும், இறந்துபோன முதியோர் சிலரின் மூளையைப் பரிசோதித்தார்கள். அல்ஸைமர் என்னும் மறதி நோயின் சின்னங்கள் மூளையில் நிறைய இருந்தும், உயிருடனிருந்த காலத்தில் புத்தித் தெளிவுடன் வாழ்ந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஆயுள் முழுவதும் சேர்த்து வைத்த ஏதோ ஒரு மூலதனம் அவர்களைத் தாங்கியிருக்க வேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்து வலுப்பட்டது. கல்வி, மூளைக்கு வேலை வைக்கும் தொழில், நாலு பேரோடு பழக்கம் ஆகியவை அந்த மூலதனத்தைப் பெருக்குகின்றன என்பது இன்று பலர் ஒப்புக்கொண்ட கருத்து.

2003-ல் நியூயார்க்கில், 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரை வருஷக் கணக்காகக் கவனித்ததன் முடிவு வெளியாயிற்று. புத்தகம் படிப்பது, பலகை ஆட்டங்கள் ஆடுவது, வாத்தியம் வாசிப்பது, நடனம் செய்வது ஆகியவற்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களிடையே மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. ஆனால் நோய் உள்ளுக்குள் தொடங்கிவிட்டவர்கள்தான் இவற்றை முன்கூட்டியே விட்டுவிட்டார்களோ என்ற சந்தேகத்துக்கு இதில் இடமுண்டு. அதனால் 2014-ல் வெளியான வேறொரு பரிசோதனை எனக்கு அதிக முக்கியமாகப் படுகிறது. டென்னிஸ் பார்க் என்ற அம்மையாரின் தலைமையில், 60 முதல் 90 வயதுள்ளவர்களைச் சில கூட்டங்களாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தாருக்குப் போட்டோ எடுக்கும் கலையும், மற்றொரு கூட்டத்தாருக்கு ஒட்டுத்துணி மெத்தை விரிப்புத் தைக்கும் வேலையும் புதிதாகக் கற்பித்தார்கள். வேறொரு கூட்டத்தாருக்கு இரண்டையுமே கற்பித்தார்கள். இன்னொரு கூட்டத்தார் கூடிப் பேசி, விளையாடிச் சந்தோஷமாகப் பொழுது போக்கினார்கள். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று மாதம் இப்படி நடந்தது. முடிவில் புதுக் கலை பயின்றவர்களின் ஞாபகசக்தி தெளிவாக அபிவிருத்தியடைந்திருந்தது. பொழுது போக்கினவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. இன்பமாக இருப்பது மட்டும் போதாது. கொஞ்சம் திண்டாட வேண்டும் என்பது இதன் சாரம்.

தோட்ட வேலையைப் பற்றியே ஒரு கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரில் 60 வயது கடந்தவர்களைப் பல வருஷம் கவனித்து 2006-ல் வெளியிட்டார்கள். தினம் தோட்ட வேலை செய்தவர்களுக்கு மறதி நோய் வரும் அபாயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாயிருந்தது. திடகாத்திரமானவர்கள்தான் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்று இதற்கும் ஆட்சேபம் சொல்லலாம். ஆகையால் ஆர்க்கிட் வளர்த்தால் மறதி நோய் வராது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர் மருந்து விற்பவராயிருக்க வேண்டும். 2024-ல் லான்ஸெட் பத்திரிகையின் நிபுணர் குழு, நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று கணக்கிட்டது. அவையெல்லாவற்றையும் நீக்க முடிந்தால் உலகில் ஏறக்குறைய பாதி நோயைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ இயலலாம் என்பது அவர்கள் மதிப்பு. செவிட்டுத்தனம், பார்வைக் குறைவு, ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, உடலசைவின்மை, தனிமை ஆகியவை அந்த ஜாபிதாவில் இருக்கின்றன. பெரியவர்களின் காதையும் கண்ணையும் பரிசோதிக்காமல் செடி மட்டும் வாங்கிக் கொடுப்பது பாதிக் கடமைதான்.

ஆர்க்கிட்டோடு வயது முதிர்ந்த ஒரு மகானைப் பற்றியும் சொல்ல வேண்டும். சார்லஸ் டார்வின் தம் 53-வது வயதில், 1862-ல், ஆர்க்கிட் மலர்களில் பூச்சிகள் மகரந்தச் சேர்க்கை நடத்தும் விந்தையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். தீராத நோயாளி, வீட்டை விட்டு அதிகம் நகராதவர். மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த ஓர் ஆர்க்கிட்டில், ஏறக்குறைய ஓரடி நீளமுள்ள குழாயின் அடியில் தேன் இருப்பதைக் கண்டு, அவ்வளவு நீளமான நாக்குள்ள விட்டில் பூச்சி ஒன்று அந்தத் தீவில் இருந்தே தீர வேண்டும் என்று ஊகித்தார். அவர் 1882-ல் காலமானார். 1903-ல், அவ்வளவு நீள நாக்குடன் மடகாஸ்கரில் கிடைத்த பூச்சி பெயரிடப்பட்டது. ஆர்க்கிட் புத்தகத்தை 68-வது வயதில் திருத்திப் புதுப்பித்தார். 72-வது வயதில் மண்புழுவைப் பற்றிப் புதுப் புத்தகம் எழுதினார். ஆனால் இதே டார்வின் தம் குடும்பத்தாருக்காக எழுதிய சுயசரிதையில் ஒரு துக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். இளமையில் ரசித்த கவிதையும் சங்கீதமும் தமக்கு ருசியற்றுப் போய்விட்டன என்றும், மறுபடி வாழக் கிடைத்தால் வாரம் ஒரு முறையாவது அவற்றுக்கு நேரம் ஒதுக்குவேன் என்றும் கூறுகிறார். உபயோகித்த அறிவு கடைசி வரையில் கூர்மையாயிருந்தது. உபயோகிக்காதது வாடிப் போயிற்று. அவ்வளவு பெரிய மேதைக்கே விதிவிலக்கு இல்லை.

ஓர் எச்சரிக்கை. ஆசை மிகுதியால் யாரும் காட்டில் கை வைக்க வேண்டாம். 1850-ல் காஸி மலைக்கு வந்த ஆங்கிலத் தாவர சாஸ்திரி ஜோஸப் ஹூக்கர், நீல வாண்டாச் செடிகளை ஏழு கூலியாட்களின் சுமையளவு பெயர்த்து லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். உயிருடன் போய்ச் சேர்ந்தவை வெகு சில. நம் மலைகளின் செல்வம் அப்படிப் போயிற்று. இன்று நாமே அதைச் செய்வோமானால் அந்நியரைக் குறை கூறி என்ன பயன்? ஆர்க்கிட்டின் விதை தூசி போன்றது. ஒரு காயில் லட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் விதைக்குள் ஆகாரச் சேமிப்பு இல்லாததால், தகுந்த பூஞ்சணத்தின் உதவி கிடைத்தால்தான் காட்டில் முளைக்கும். இதை 1899-ல் நோயெல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்தார். 1922-ல் அமெரிக்கரான லூயிஸ் நட்ஸன், சர்க்கரை கலந்த பாகில் பூஞ்சணமின்றியே முளைக்க வைக்கும் முறையை வெளியிட்டார். அந்த வழியில் வளர்ந்த செடிகள் இப்போது பண்ணைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. காட்டுச் செடிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் சேர்வராயன் மலையில் ஏற்காட்டிலுள்ள தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போகலாம். மலைக்குப் போக முடியாதவர்கள் சமவெளி மாமரங்களையே அண்ணாந்து பார்க்கலாம். பழுப்புக் கட்டங்கள் போட்ட இதழும் நீலங் கலந்த உதடுமாக ஒரு வாண்டா அங்கே மணம் வீசிக் கொண்டிருக்கக் கூடும்.

இனி என் சொந்த விஷயம் ஒன்று. என் தகப்பனார் கடைசி ஆறு வருஷங்களை எங்கள் வீட்டில் கழித்தார். வீட்டுக் கணக்கைத் தம் கையால் எழுதி வந்தவர். ஒரு மாதம் கூட்டலில் ஒரு பிழை வந்தது. "போதும் அப்பா, இனி நான் எழுதுகிறேன்" என்று நோட்டை வாங்கிக் கொண்டேன். அவர் மறுத்துப் பேசவில்லை. பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார். பிற்பாடு அவருக்கு வந்த மறதிக்கு அதுதான் காரணம் என்று வைத்திய சாஸ்திரம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிழையை அவரே கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளின் பிழையைப் பொறுத்துக் கொள்கிறவனுக்கு, வீட்டில் ஒரு தகப்பனாரின் பிழையைப் பொறுக்கத் தெரியவில்லை.

தெருக் கோடிப் பெரியவருக்கு மறதி போய்விட்டதா என்றால், இல்லை. மூக்குக் கண்ணாடியை இன்றும் தேடுகிறார். என் பெயர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. ஆனால் அவரிடம் இப்போது நாலு நோட்டுப் புத்தகங்களும் பதினோரு தொட்டிகளும் இருக்கின்றன. மருமகள் ஒரு நல்ல காரியம் செய்தாள்: முக்காலியின் மேல் ஏற வேண்டாமென்று தடுப்பதற்குப் பதிலாக, கூடைகளை அவர் கைக்கெட்டும் உயரத்தில் இறக்கிக் கட்டினாள். மகன் அவரைக் காது வைத்தியரிடம் அழைத்துப் போனான். தண்ணீர் விடுவது மட்டும் அவர் அதிகாரம். வேறு யாரும் தொடக் கூடாது.

சென்ற வாரம் அவர் என்னை வழிமறித்தார். பழைய கேள்விதான் வரப் போகிறதென்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ, "ஸார், இந்த நோபிலி இரண்டு வருஷமாகக் குட்டிதான் போடுகிறது; பூக்க மாட்டேன் என்கிறது. நம் ஊரில் அதற்குப் போதிய குளிர் இல்லையா, அல்லது நான்தான் தண்ணீரை நிறுத்தத் தெரியாமல் இரங்கி விடுகிறேனா? எது என்று எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று பதில் தெரியவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். "சாவகாசமாகச் சொல்லுங்கள். அதற்குள் நானே ஒரு கூடையைக் காயப் போட்டுப் பார்த்து எழுதி வைக்கிறேன்" என்றார் பெரியவர்.